அளவுகோலை அளந்தது யார்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் கிதார் வாசிப்பான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பஞ்சு சுற்றிய நான்கு வால்வுகள்.

"அங்கிள், என் கிதார் ஆம்ப்ளிஃபயர்ல இருக்கிற வால்வு இது. நாலும் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. உங்க வீட்ல செக் பண்ற மெஷின் இருக்காமே? நல்லதா கெட்டதான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

மெஷின் இருந்தது. பரணில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "இந்த இரும்புப் பெட்டிக்கு வாடகை வசூலித்திருந்தால் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம்" என்று என் மனைவி சொல்வது வழக்கம். இருவருமாக இறக்கித் தூசி தட்டினோம். பிளக்கைக் கையில் எடுத்தேன். சொருகவில்லை. பெட்டியோடு கூடவே ஒரு பழைய பிஸ்கட் டின்னும் பரணிலிருந்து இறங்கியிருந்தது. அதைத் திறந்து பார்த்தபோதுதான் கை நின்றது.

அந்த டின்னில் இருந்தவை செத்த வால்வுகள். செத்தவை என்று நான் தீர்ப்பு எழுதியவை. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சிறு காகிதம் சுற்றி, சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. ஒன்றின் காகிதத்தில் என் கையெழுத்திலேயே "ஆயா ரேடியோ, 1973" என்று இருந்தது.

ஆயாவின் ரேடியோ

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. விவேக் நகர் பெங்களூரின் ஆஸ்டின் டவுனுக்கும் ஈஜிபுராவுக்கும் அருகில் உள்ள பகுதி. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தால் பலருக்கும் தெரிந்த இடம். வடஆற்காடு, தர்மபுரி, கோலார் தங்கவயல் என்று பல ஊர்களிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் டெலிபோன் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வந்த பொதுத்துறை நிறுவனங்கள் இந்நகரத்துக்கு நம்மவர்களை அழைத்து வந்தன.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நிரந்தர வேலை கிடைக்கும் வரை ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உதவியாளனாக இருந்தேன். கடையின் பெருமையே அந்த இங்கிலாந்துச் சோதனைப் பெட்டிதான். வால்வைச் சொருகி, ஸ்விட்சுகளைத் திருப்பி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். பச்சையில் நின்றால் நல்லது. சிவப்பில் நின்றால் மாற்ற வேண்டும். வாடிக்கையாளரும் எட்டிப் பார்ப்பார். முள் சொன்ன பிறகு பேச்சே கிடையாது.

ஒருநாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம், ஒரு ஆயா ரேடியோவைப் பழைய புடவையில் சுற்றி இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். கணவர் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வாங்கிய ரேடியோ. கணவர் போய்விட்டார். கொழும்பு வானொலியின் தமிழ் ஒலிபரப்புதான் ஆயாவுக்குத் துணை. அது சில வாரங்களாகக் கம்மிய குரலில் கரகரக்கிறதாம்.

"இன்னா கண்ணு, பேசுமா?" என்று கேட்டார்.

ஒலியைப் பெருக்கித் தரும் கடைசி வால்வைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். முள் சிவப்பில் நின்றது. "ஆயா, பெரிய வால்வு போச்சு. புதுசு போடணும்" என்று விலையைச் சொன்னேன். ஆயா சற்று நேரம் ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்போ அது கெடக்கட்டும் கண்ணு. அரிசி வாங்கணும்" என்றார். கடைசியில் ரேடியோவை உதிரி பாகங்களுக்காகக் கடையிலேயே கொடுத்துவிட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு, வெறும் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. முள் சொன்னதைத்தான் நான் சொன்னேன். ஆனால் அந்த முள் சொன்னது உண்மைதானா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. 1986இல் கடையை மூடியபோது முதலாளி அந்தப் பெட்டியையும் டின்னையும் என்னிடம் கொடுத்தார். அதற்குள் எங்கும் டிரான்சிஸ்டர் வந்துவிட்டதால் இரண்டும் பரணுக்குப் போயின.

வால்வு என்பது என்ன?

இளைய வாசகர்கள் பலர் வால்வைப் பார்த்திருக்க மாட்டார்கள். காற்றை முழுவதுமாக உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குமிழ். நடுவில் ஒரு சிறு உலோகக் குழல். அதற்குக் கேத்தோடு என்று பெயர். அதனுள் இருக்கும் ஹீட்டர் அதை ஏறத்தாழ 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். கேத்தோடின் மேல் பூசிய பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவரும். வெளியே நேர்மின் அழுத்தத்தில் இருக்கும் பிளேட் அவற்றை இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சன்னக் கம்பியால் சுற்றிய கிரிட். கிரிட்டின் மின்னழுத்தத்தைச் சிறிது மாற்றினால் பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டம் பெரிதாக மாறும். தண்ணீர்க் குழாயின் திருகைச் சிறிது திருப்பினால் நீர்வரத்து கூடிக் குறைவதைப் போலத்தான். இவ்வளவுதான் வால்வு.

1904இல் ஆங்கிலேயர் ஃப்ளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையாகக் கிரிட்டைச் சேர்த்தார். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறக்கும் வரையிலும், அதற்குப் பின் நெடுநாளும், வானொலி, ராடார், கணிப்பொறி எல்லாமே வால்வால்தான் இயங்கின. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. அத்தனை வால்வுகளில் எது தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். சோதனைப் பெட்டியின் அருமை அப்போது புரியும்.

நம் பெங்களூருக்கும் வால்வுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகைகளும் அங்கே உற்பத்தியாயின. ஆக, வாரிசு அடுத்த அறையில் பிறந்த பிறகும் இந்த வால்வுகள் பல ஆண்டுகள் நம் வீடுகளில் உழைத்தன.

வால்வின் பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கும். ஐரோப்பிய முறையில் இ.எல். 84 என்று ஒரு வால்வு. 'இ' என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். 'எல்' என்றால் ஒலிபெருக்கிக்கு வலிமை தரும் பென்டோடு. எட்டில் தொடங்கும் எண் என்றால் ஒன்பது கால் உள்ள சிறு வால்வு. இ.சி.சி. 83 என்றால் ஒரே குமிழில் இரண்டு டிரையோடு. ரேடியோவின் முகப்பில் பச்சை ஒளி விரிந்து சுருங்குமே, அந்த மேஜிக் ஐ வால்வு இ.எம். என்று தொடங்கும். ஆயாவின் ரேடியோவில் நான் கழற்றியதும் அந்தப் பிள்ளை கொண்டுவந்த நான்கும் ஒரே வகை, இ.எல். 84. அரை நூற்றாண்டு இடைவெளி. அதே வால்வு, அதே பெட்டி, அதே கேள்வி. முன்போலவே கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி, முதலில் இந்தப் பெட்டி நல்லதா கெட்டதா என்று பார்ப்போம். பிறகு உன் வால்வைப் பார்ப்போம்" என்றேன். "எத்தனை நாளாகும் அங்கிள்?" என்றான். "தெரியாது" என்றேன். ஐந்து மாதம் ஆனது.

இரண்டு வகைச் சோதனை

வால்வு சோதிக்கும் கருவிகள் இரண்டு வகை. எளியவை, கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான் போதிய அளவு வருகிறதா என்று மட்டும் பார்க்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. மற்றவை இன்னும் ஒரு படி மேலே போய், கிரிட்டில் ஒரு வோல்ட் மாற்றினால் பிளேட் மின்னோட்டம் எத்தனை மில்லியாம்பியர் மாறுகிறது என்று அளக்கும். திருகைத் திருப்பினால் நீர்வரத்து அதற்குக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பதைப் போல. இதற்கு மியூச்சுவல் கண்டக்டன்ஸ் என்று பெயர். புத்தகத்தில் இ.எல். 84க்கு இந்த அளவு வோல்ட்டுக்கு 11.3 மில்லியாம்பியர். பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் 250 வோல்ட், கிரிட்டுக்கு மைனஸ் 7.3 வோல்ட் கொடுத்தால் பிளேட்டில் 48 மில்லியாம்பியர் ஓட வேண்டும்.

இந்த இரண்டாம் வகையில் உலகப் புகழ் பெற்றவை இங்கிலாந்தின் ஆவோவும் அமெரிக்காவின் ஹிக்காக்கும். ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளே ஆவோ. அந்நிறுவனத்தின் வால்வு சோதனைக் கருவியில் எண் பொறித்த ஒன்பது உருளைகள் இருக்கும். வால்வின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு உருளை. 1 கேத்தோடு, 2, 3 ஹீட்டர், 4 கிரிட், 5 ஸ்கிரீன், 6 பிளேட், 0 என்றால் இணைப்பு இல்லை. இ.எல். 84க்கு 041 230 605 என்று உருட்டி வைத்தால் ஒன்பது கால்களும் தத்தம் இடத்தில் சேர்ந்துவிடும். எத்தனை ஆயிரம் வகை வால்வு வந்தாலும் எண்ணை மாற்றினால் போதும். ஹிக்காக் கருவிகள் பலவற்றில் 83 என்ற பாதரச ஆவி வால்வு ஒன்று இருக்கும். அத்தகைய பெட்டி உங்களிடம் இருந்தால் அந்த வால்வு உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதரசம் விஷம்.

என் பெட்டியும் இந்த இரண்டாம் வகைதான்.

பெட்டியைத் திறந்தோம்

முதல் பாடம்: நெடுநாள் உறங்கிய கருவியைக் கரண்டில் நேராகச் சொருகக் கூடாது. உள்ளே மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் ஈரம் குடித்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு தளர்ந்திருக்கும். ஒரு நொடியில் புகை வரும். எனவே ஒரு 60 வாட் குண்டு பல்பை இடையில் தொடராக இணைத்தேன். அந்தக் குண்டு பல்பையே இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி பிழைக்கும். எங்கள் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடிருந்தது. பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாம் பாடம் உயிருக்கானது. இந்தப் பெட்டிகளுக்குள் 300, 400 வோல்ட் சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் தட்டி இறக்குவது தவறு. ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக மெதுவாக இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். கரண்ட் இருக்கும்போது அளந்தாக வேண்டுமென்றால் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது பழைய தொழிலாளிகளின் பழக்கம். இரு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். தனியாக ஒருபோதும் செய்ய மாட்டேன். வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

மெழுகு உருகி வழிந்திருந்த கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். எஸ்.பி. ரோட்டில் அலைந்தால் இன்றும் கிடைக்காதது இல்லை. 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் படலக் கண்டென்சர்கள் பழையதைவிட அளவில் சிறியவை, ஆயுளில் பெரியவை. ஸ்விட்சுகளின் தொடுமுனைகள் கறுத்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்; ஆனால் மேலே பூசிய வெள்ளி போய்விடும். பிறகு மாதம் ஒருமுறை கறுக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டு, ஸ்விட்சை நூறு முறை முன்னும் பின்னும் திருப்புவதே சரியான வழி. அந்தப் பிள்ளை கிதார் பயிற்சியாக நினைத்துத் திருப்பினான்!

மீட்டரை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. அதன் கம்பிச்சுருள் தலைமயிரைவிட மெல்லிய கம்பியால் ஆனது. ஓம் மீட்டரை வைத்து அதைச் சோதிக்கலாம் என்று நினைத்தால், அந்த மின்னோட்டமே முள்ளை வளைத்துவிடும். உள்ளே காந்தம் இருப்பதால் மேசையில் இரும்புத்தூள் ஒரு துளி இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல்தான் மீட்டரை வைத்தேன்.

தவறு இருந்த இடம்

ஏறத்தாழ மூன்றாம் மாதம். பெட்டியின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு சிறு பலகையில் மெயின்ஸ் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் திருகு ஒன்று இருந்தது. 200, 210, 230, 250 என்று துளைகள். திருகு 250இல் இருந்தது. அதன் தலையில் தொழிற்சாலையில் வைத்த அரக்குச் சாயம் உடையாமல் அப்படியே இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புரியும்படி சொல்கிறேன். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது அந்தத் திருகு எங்கே இருந்ததோ, கடையில் இருந்த நாளெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெட்டியோ தனக்கு 250 வருகிறது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆக, வால்வின் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் 5.8 வோல்ட். பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் 250க்குப் பதில் 230. அதுவும் பகலில். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் அன்றைய பெங்களூரில் மின்னழுத்தம் இன்னும் இறங்கும். ரேடியோக்கள் கடைக்குப் பெரும்பாலும் வருவதும் வேலை முடிந்த மாலை நேரத்தில்தான். அரைவயிற்றுக் கஞ்சி ஊற்றிவிட்டு, மூட்டையைத் தூக்கவில்லை, இவன் சோம்பேறி என்று சொன்ன கதை!

இன்னொன்றும் இருந்தது. கிரிட் மின்னழுத்தத்தைப் பிரித்துத் தரும் ரெசிஸ்டன்ஸ்களில் ஒன்று வயதாகி மதிப்பு ஏறியிருந்தது. அதன் வண்ணப் பட்டைகளைப் படிக்க என் கண்ணால் முடியவில்லை, பிள்ளைதான் படித்தான். குமிழை 7.3இல் வைத்தால், திருகைச் சரிசெய்த பிறகும் உண்மையில் எட்டரை வோல்ட் போய்க்கொண்டிருந்தது. கிரிட் கூடுதலாக அடைத்தால் மின்னோட்டம் குறையும். முள் சிவப்பை நோக்கிச் சாயும். அந்த ரெசிஸ்டன்ஸ் எந்த ஆண்டில் கெட்டது என்று சொல்ல இப்போது வழியில்லை. ஆனால் திருகு 1973இலும் அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

கருவி பொய் சொல்லவில்லை. எந்த ஊர் மின்சாரத்தில் நிற்கிறாய் என்று அதற்கு நாங்கள் சொல்லவே இல்லை.

அளவுகோலை அளப்பது எப்படி?

திருகை 230க்கு மாற்றியாயிற்று. கெட்ட ரெசிஸ்டன்ஸுக்குப் பதில் ஒரு சதவீதத் துல்லியமுள்ள புதியது போட்டாயிற்று. இனி முள் சொல்வது உண்மை என்று எப்படி நம்புவது? அதே பெட்டியைக் கொண்டு அதையே சோதிக்க முடியாதல்லவா?

இதற்காக ஒரு பலகையில் தனியாக ஒரு எளிய சுற்று அமைத்தேன். ஒரு இ.எல். 84. அதன் ஹீட்டருக்குச் சரியாக 6.3 வோல்ட். ஹீட்டர் எரியும்போதே அளக்க வேண்டும்; பாரம் இல்லாமல் அளந்தால் கணக்குத் தவறும். பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் 250 வோல்ட். கிரிட்டுக்கு முதலில் மைனஸ் 6.8, பிறகு மைனஸ் 7.8. இரண்டு நிலையிலும் பிளேட் மின்னோட்டத்தை நல்ல டிஜிட்டல் மீட்டரில் எழுதிக்கொண்டேன். கிரிட்டில் ஒரு வோல்ட் வித்தியாசம். ஆகவே இரண்டு மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாடே நாம் தேடும் அளவு. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு. இப்படி மூன்று வால்வுகளை அளந்து, ஒவ்வொன்றின் மேலும் அதன் உண்மை மதிப்பை எழுதி ஒட்டினேன். பின் அதே மூன்றையும் பெட்டியில் வைத்தேன். மூன்றும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்து வந்தன. பழைய பெட்டிக்கு அது முதல் வகுப்புத் தேர்ச்சி.

அடுத்த ஞாயிறு, பிள்ளையின் நான்கு வால்வுகள். மூன்று நன்றாக இருந்தன. ஒன்று மட்டும் தளர்ந்திருந்தது. அந்த ஆம்ப்ளிஃபயரில் வால்வுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உழைப்பவை. ஜோடிப் பொருத்தம் வேண்டும். எனவே தளர்ந்ததையும் அதன் ஜோடியையும் மட்டும் மாற்றச் சொன்னேன். கழற்றிய ஜோடி நல்ல வால்வு; பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். புதியவை இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகின்றன. வால்வு செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் தங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பையும் நினைத்துப் பார்க்கலாம். அதனுள் இருக்கும் மேக்னட்ரானும் ஒரு வெற்றிடக் குழாய்தான்.

டின்னில் இருந்த நாற்பத்தொன்று

பிறகு டின்னை எடுத்தேன். மொத்தம் 41 வால்வுகள். ஐந்தைப் பெட்டியில் வைக்கவே தேவையில்லை. நல்ல வால்வின் உச்சியில் உட்புறம் வெள்ளிக் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும்; மிச்சமிருக்கும் காற்றைத் தின்பதற்காக வைத்த பேரியம் அது. காற்று உள்ளே புகுந்தால் அது பால்போல வெளுத்துவிடும். அப்படி வெளுத்தவை ஐந்து. ஹீட்டர் அறுந்தவை ஏழு. உள்ளே ஷார்ட் ஆனவை மூன்று. உண்மையிலேயே வலுவிழந்தவை பன்னிரண்டு. மீதிப் பதினான்கும் நல்ல வால்வுகள்.

ஆயாவின் வால்வைக் கடைசியாக வைத்தேன். இரண்டு நிமிடம் சூடாக விட்டேன். முள் மெல்ல எழுந்து பச்சைக்குள் போய் நின்றது. வோல்ட்டுக்கு 9.6 மில்லியாம்பியர். புத்தக அளவில் எண்பத்தைந்து சதவீதம். இன்னும் பல ஆண்டு பாடியிருக்கக்கூடிய வால்வு.

அப்படியானால் அந்த ரேடியோவுக்கு என்னதான் கேடு? திட்டமாகச் சொல்ல முடியாது. ரேடியோ இப்போது இல்லை. ஆனால் குரல் கம்மிக் கரகரத்தது என்று ஆயா சொன்னதை இன்று கேட்டால், முந்தின கட்டத்தையும் கடைசி வால்வையும் இணைக்கும் சிறு கண்டென்சரைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது கசிந்தால் வால்வின் கிரிட் நிலை குலைந்து ஒலி கெடும். மிக மலிவான பொருள். அரிசிக் காசைத் தொடாமலே மாற்றியிருக்கலாம்.

ஆயா குடியிருந்த சந்துக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டு வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டிடம். அவரைப் பற்றிக் கேட்டால் சொல்ல அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து அந்த வால்வை எங்கள் வீட்டு ரேடியோவில் போட்டேன். மாலையில் அது பாடுகிறது. என் மனைவி இப்போதெல்லாம் பெட்டிக்கு வாடகை கேட்பதில்லை.

அன்பர்களுக்கு

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் ரேடியோ ஒன்று இருக்கலாம். அதைக் குஜரிக் கடைக்குப் போடும் முன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஆர்வத்தில் நேராகக் கரண்டில் மட்டும் சொருகிவிடாதீர்கள். வால்வு போய்விட்டது என்று யாராவது சொன்னால், எந்தக் கருவியில் பார்த்தீர்கள், அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையான தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பிள்ளை இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் பெட்டியைத் துடைத்து, மதிப்பு எழுதி ஒட்டிய மூன்று வால்வுகளையும் வைத்துப் பார்த்து, தேதி போட்டு மூடியின் உட்புறம் எழுதி வைப்பது என்று ஏற்பாடு. இந்தப் பொங்கலுக்கு அதை அவனே செய்தான். மூன்றாவது வால்வில் முள் சற்றுத் தாழ்ந்து நின்றது. நான் வாய் திறக்கவில்லை. அவன் வால்வைக் கழற்றவில்லை. எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று முதலில் பார்த்தான்.